ஈரம் இருக்கணும்... மரம் இருக்கக் கூடாது! - மூர்லேண்டில் வீடு தேடும் பறவைகள்

வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சிருக்கீங்களா? தண்ணி வருதா, பக்கத்துல கடை இருக்கா, அக்கம்பக்கத்து ஆளுங்க எப்படி, ராத்திரி தனியா நடந்து வரலாமா... இதெல்லாம் கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்போம். பிரிட்டனின் வடக்கு மலைமேடுகளில் ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில பறவைகள் இதே வேலையைச் செய்கின்றன. அவற்றின் கேள்விகளும் கிட்டத்தட்ட நம்ம கேள்விகள்தான். ஒரே வித்தியாசம், நமக்கு வீடு செட் ஆகலைன்னா வேற வீடு மாறிடலாம். அந்தப் பறவைக்கு முடிவு தப்பாப் போனா, அந்த வருடத்துக் குஞ்சுகள் மொத்தமும் போச்சு.

முதலில் இடத்தைச் சொல்லிடறேன். 'மூர்லேண்ட்'னு அங்கே சொல்வது உயரமான, குளிர்ந்த, எப்போதும் காற்றடிக்கும் வெட்டவெளி மேடு. மரம் இருக்காது. முழங்கால் உயர ஹெதர் புதர்களும் புல்லும் பாசியும்தான். ஊட்டிக்கு மேலே அவலாஞ்சி பக்கம் போனா வருகிற புல்மேடுகளை நினைச்சுக்கோங்க, அதில் சோலைக்காடுகளை எடுத்துட்டு, வருடம் முழுக்க மழைத் தூறலைச் சேர்த்துக்கோங்க. கிட்டத்தட்ட அதுதான். கீழே இருப்பது சாதாரண மண் இல்லை, பீட். செத்துப்போன பாசியும் செடிகளும் தண்ணீரில் ஊறி, மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கறுப்பு மண். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழ பீட் என்றால் அதன் வயது சுமார் ஆயிரம் வருடம்.

குளிர்காலம் முழுக்கக் கடற்கரைச் சேற்றிலும் தாழ்வான வயல்களிலும் கிடந்த கரைப்பறவைகள், வசந்தம் வந்ததும் இங்கே ஏறி வருகின்றன. அதில் ஸ்டார், கர்லூ. கீழ்நோக்கி வளைந்த, 15 செ.மீ. வரை நீளும் அலகு. தமிழில் இதற்கு 'குதிரைமலைக் கோட்டான்'னு ஒரு பெயர் உண்டு (கோட்டான்னதும் ஆந்தையை நினைச்சுடாதீங்க, இது வேற குடும்பம்). கூடவே கோல்டன் ப்ளவர், லேப்விங், டன்லின், ஸ்னைப், பவளக்காலி எல்லாம் வரும். லேப்விங் நம்மூர் ஆள்காட்டிக் குருவியின் நெருங்கிய சொந்தம். ஸ்னைப் நம்ம உள்ளான் வகை.

உலகத்தில் கூடு கட்டும் கர்லூக்களில் கிட்டத்தட்ட கால்வாசி பிரிட்டனில்தான் கட்டுகின்றன. 1990-களின் நடுவில் இருந்து அங்கே அதன் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2015-ல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தாங்க. ஏன் குறையுதுன்னு கேட்டா, பதில் பெரும்பாலும் இந்த 'வீடு தேடும்' விஷயத்தில் வந்து நிற்குது.

கூட்டுக்கு இடம் இல்லை, குஞ்சுக்கு இடம்!

இவை மரத்தில் கூடு கட்டாது. தரையில் நெஞ்சை அழுத்திச் சுழன்று ஒரு சின்னக் குழி பறிக்கும். அவ்வளவுதான் கூடு. ஆண் பறவை நாலைந்து குழி பறித்துக் காட்டும், பெண் பார்த்து ஒன்றை ஓகே பண்ணும். அதில் நாலு முட்டை, கூர்முனைகள் உள்பக்கமாகச் சேர்ந்தபடி. கர்லூ சுமார் 4 வாரம் அடைகாக்கும்.

குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகிட்டுக் கூட்டில் உட்கார்ந்திருக்கும் கதையே இங்கே கிடையாது. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில், உடம்பு காய்ந்ததும், கர்லூ குஞ்சுகள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். சாப்பாட்டையும் தானே தேடிக்கணும். அப்பா அம்மா ஊட்டிவிடாது. எதிரி வந்தால் கத்தும், குளிர் அடித்தால் இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும். பறக்கக் கத்துக்க இன்னும் 5 வாரம் ஆகும்.

அதனால், மார்ச்சில் இடம் தேர்ந்தெடுக்கும் பறவை உண்மையில் தேடுவது ஒரு குழிக்கான இடத்தை இல்லை. ஜூனில் கட்டைவிரல் அளவு குஞ்சு ஒன்று தன் காலால் நடந்துபோய், பூச்சி பிடித்து, நரி வாயில் மாட்டாமல் 5 வாரம் தாக்குப்பிடிக்கக் கூடிய ஒரு வட்டாரத்தை. சிக்கல் என்னன்னா, மார்ச்சில் அந்தப் பூச்சிகள் எதுவுமே வெளியே வந்திருக்காது. புல் வளர்ந்திருக்காது. பனி கூட முழுசா உருகியிருக்காது. பறவை பார்ப்பது அடையாளங்களை மட்டும்தான். இங்கே ஈரம் இருக்கு, வெட்டவெளியா இருக்கு, போன வருஷம் நான் இருந்த இடம், பக்கத்தில் நம்ம ஆளுங்க கத்துறாங்க... இதை வைத்து மூன்று மாதம் கழித்து நடக்கப்போவதை அது கணிக்கணும்.

ஏன் ஈரம்?

அலகை வைத்தே இதைப் புரிஞ்சுக்கலாம். ஸ்னைப்பின் நீண்ட அலகு நுனியில் உணர்வு நரம்புகள் நிறைய. மண்ணுக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமலே புழுவைத் தடவிப் பிடிக்கும். ஆனா மண் நனைந்து, வெண்ணெய் மாதிரி இளகி இருந்தால்தான் அலகு இறங்கும். காய்ந்து இறுகிவிட்டால், கீழே எத்தனை புழு இருந்தாலும் பூட்டிய ஃப்ரிட்ஜ் மாதிரிதான். வறட்சி வந்த வருடங்களில் ஸ்னைப்பின் இனப்பெருக்க காலமே சுருங்கிவிடுவது இதனால்தான்.

குஞ்சுகளுக்கு இன்னொரு கணக்கு. மூர்லேண்டில் கோல்டன் ப்ளவர் குஞ்சின் முக்கியமான சாப்பாடு கிரேன் ஃப்ளை. பெரிய சைஸ் கொசு மாதிரி, நீண்ட கால்களோடு தடுமாறிப் பறக்குமே, அது. கடிக்காது. மே கடைசி, ஜூன் வாக்கில் பீட் மண்ணிலிருந்து ஒரே நேரத்தில் கூட்டமாக வெளியே வரும். குஞ்சுகள் பொரிவதும் ஏறக்குறைய அப்போதுதான். வெளியே வந்த பூச்சிகள் முட்டை போட்டு, ஆகஸ்ட்டில் மண்ணின் மேல்பரப்பில் குட்டிக் குட்டிப் புழுக்களாக இருக்கும். இந்தப் புழுக்களுக்குத் தோல் மெல்லிசு. மண் காய்ந்தால் செத்துப்போகும்.

இங்கிலாந்தின் பென்னைன் மலைகளில் கோல்டன் ப்ளவர்களைப் பல வருடம் எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். ஆகஸ்ட் மாதம் சூடாக இருந்தால், பறவை எண்ணிக்கை உடனே குறைவதில்லை. 2 வருடம் கழித்துக் குறைகிறது. சங்கிலியைப் பாருங்க: இந்த ஆகஸ்ட் வெயிலில் புழு சாகிறது, அடுத்த ஜூனில் பூச்சி இல்லை, குஞ்சுகள் பட்டினி, அதற்கடுத்த வசந்தத்தில் கூடு கட்டத் திரும்பி வர இளம் பறவைகள் இல்லை. பருவநிலை மாற்றம்னு பொத்தாம் பொதுவா பேசுறோமே, அது ஒரு பறவையின் தட்டு வரைக்கும் எப்படி வந்து சேருதுன்னு இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

இதில் மனுஷன் கைங்கரியமும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேய்ச்சலைப் பெருக்கலாம்னு நினைத்து, அரசு மானியம் கொடுத்து இந்த மேடுகளில் வாய்க்கால் வெட்டினாங்க. 'கிரிப்'னு பெயர். மலைச்சரிவு முழுக்கச் சீப்பால் வாரின மாதிரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓடுது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஸ்பேக்னம் பாசி வறண்டது. மேய்ச்சல் பெரிசா கூடலை. இப்போ அதே வாய்க்கால்களை, அதே மாதிரி அரசுப் பணத்தில், அடைச்சுகிட்டு இருக்காங்க! அடைத்த இடங்களில் ஈரம் திரும்புகிறது, கிரேன் ஃப்ளை கூடுகிறது என்பதும் பதிவாகி இருக்கு.

மரம் நட்டா நல்லதுதானே?

இந்த இடத்தில்தான் நம்ம பொதுப்புத்தி சறுக்கும். மரம் நடுவது எப்பவுமே நல்லது என்பதுதானே நாம படிச்சது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு மரம் என்பது காக்கை உட்கார்ந்து வேவு பார்க்கும் கோபுரம். அடியில் நரி ஒளிந்திருக்கும் இருட்டு. சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்க்க முடியுதோ, அவ்வளவு பாதுகாப்பு.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், கெய்த்னஸ், சதர்லேண்ட் பகுதிகளில் 'ஃப்ளோ கண்ட்ரி'ன்னு ஒரு பிரமாண்டமான பீட் சதுப்பு இருக்கு. சுமார் 4,000 சதுர கி.மீ. மேலே விமானத்திலிருந்து பார்த்தால் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டின மாதிரி ஆயிரக்கணக்கான குட்டைகள். டன்லின், கோல்டன் ப்ளவர், பச்சைக்கால் உள்ளான் எல்லாத்துக்கும் சொர்க்கம். 1980-களில் பிரிட்டனில் ஒரு வரிச்சலுகை இருந்தது. காடு வளர்ப்பில் பணம் போட்டால் வருமான வரி மிச்சம். லண்டனில் இருந்த பணக்காரர்கள், தாங்கள் பார்த்தே இராத இந்தச் சதுப்பில் பணத்தைக் கொட்டினாங்க. பீட் மண்ணை உழுது, தண்ணியை வடித்து, அமெரிக்காவிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்களை வரிசை வரிசையாக நட்டாங்க. பெரிய சண்டை ஆச்சு. 1988 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன் அந்தச் சலுகையை எடுத்த பிறகுதான் நின்றது.

மரம் நட்ட இடம் போச்சு, சரி. மிச்ச இடம் தப்பிச்சுதானே? அதுவும் இல்லை. மரம் வளர்ந்த பிறகு, தோப்பின் ஓரத்தில் இருந்து சுமார் 700 மீட்டர் தூரம் வரைக்கும் டன்லினும் கோல்டன் ப்ளவரும் குறைந்துவிட்டன. அந்த 700 மீட்டரிலும் அதே பாசி, அதே குட்டை, அதே பூச்சி இருந்தாலும் பறவைகள் தயங்குகின்றன. ஒரு சின்னத் தோப்பு, தன் பரப்பைவிடப் பல மடங்கு நிலத்தைக் கெடுத்துவிடுகிறது.

1995-ல் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைகள் பாதுகாப்பு அமைப்பு அங்கே ஃபோர்சினார்ட் என்ற இடத்தில் நிலம் வாங்கி, அந்த மரங்களை வெட்டி, வாய்க்கால்களை அடைக்க ஆரம்பித்தது. பறவைக்காக மரத்தை வெட்டும் சூழலியலாளர்கள்! 2024-ல் ஃப்ளோ கண்ட்ரி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஒரே ஏரியா, ஆளுக்கொரு டேஸ்ட்

ஈரம், வெட்டவெளி... இது ரெண்டும் எல்லாருக்கும் பொது. அதுக்கு மேல ஒவ்வொருத்தரும் ஒரு மாதிரி. லேப்விங்குக்குப் புல் ஒட்ட மேய்ந்து கட்டையாக இருக்கணும். கோல்டன் ப்ளவரும் சமதளமான, குட்டையான செடிகள் உள்ள இடத்தைத்தான் கேட்கும். ஸ்னைப் நேர் எதிர், கோரைப்புல் கொத்துக்குள் முழுசா மறைந்து உட்காரும். கர்லூ ரெண்டும் கலந்து கேட்கும்: கூட்டுக்கு உயரமான புல், குஞ்சு நடக்கக் கொஞ்சம் திறந்த இடம். அதனால் ஒரு மேட்டை ஒரே சீராக மொட்டையடித்தாலும் தப்பு, மேய்ச்சலே இல்லாமல் விட்டாலும் தப்பு. எத்தனை ஆடு, எத்தனை மாடு, எந்த மாதம் என்பதில்தான் சூட்சுமம். மாடு நாக்கால் சுருட்டி இழுத்து மேயும்போது புல் மேடும் பள்ளமுமாக நிற்கும். ஆடு பல்லால் ஒட்ட நறுக்கிவிடும்.

டன்லின் கதை தனி. குட்டைகளைச் சுற்றியுள்ள மிக ஈரமான இடத்தில் அது கூடு கட்டும், பெரும்பாலும் கோல்டன் ப்ளவர் இருக்கும் பக்கமாக. பெரிய பறவைக்குப் பின்னாலேயே சின்னது சுற்றும். அதைப் பார்த்துவிட்டு அந்த ஊர் மக்கள் டன்லினுக்கு 'ப்ளவரின் எடுபிடி'ன்னு பொருள் வரும் பட்டப்பெயரே வச்சிருக்காங்க. ப்ளவர் உஷாரான பார்ட்டி, ஆபத்தை முதலில் பார்த்துக் குரல் கொடுக்கும். சின்னதுக்கு இலவச செக்யூரிட்டி.

கோல்டன் ப்ளவருக்கு இன்னொரு ரகசியத் தேவை உண்டு. அடைகாக்கும் காலத்தில், ஷிஃப்ட் முடிந்த பறவை மேட்டை விட்டுக் கீழே இறங்கி, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள விவசாயிகளின் புல்வயல்களில் போய் மண்புழு தின்னும். அதுவும் வருடா வருடம் அதே வயல்கள். மேட்டை மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு, கீழே இருக்கும் வயலை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆகும்.

பழைய அட்ரஸை விடாத பறவை

இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்ப உறுத்தும் பகுதி இதுதான். கர்லூ நீண்ட நாள் வாழும். வளையம் மாட்டி விட்ட ஒன்று 30 வருடங்களுக்கு மேல் இருந்ததும் பதிவாகியிருக்கு. ஒரு தடவை இடம் பிடித்துவிட்டால், வருடா வருடம் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரும். பழகின இடம், எங்கே தண்ணி, எங்கே நரிப்பாதை எல்லாம் தெரியும். நல்ல உத்திதான், நிலம் மாறாத வரைக்கும்.

நிலம் மாறிவிட்டால்? முன்பு ஜூலையில் காய்ந்த புல் அறுத்த வயல்களில், இப்போ தீவனத்துக்காக மே மாதமே இயந்திரம் இறங்குகிறது. மார்ச்சில் பார்க்கும்போது வயல் பச்சையாக, ஈரமாக, வெட்டவெளியாக எல்லா டெஸ்ட்டிலும் பாஸ். பறவை நம்பி முட்டையிடும். சூழலியலில் இதைப் 'பொறி'ன்னே சொல்றாங்க. அடையாளம் எல்லாம் சரியா இருக்கும், விளைவு மட்டும் நாசம்.

பெரிய பறவைகள் உயிரோடு இருப்பதால், அடுத்த வருடமும் வரும், கூவும், குழி பறிக்கும். பார்க்கிற நமக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். பத்து, பதினைந்து வருடமா ஒரு குஞ்சு கூடப் பறந்திருக்காது. எண்ணிக்கை குறையாமல் இருக்க, ஒரு ஜோடிக்கு வருடம் சராசரியாக அரைக் குஞ்சாவது பறக்கணும்னு கணக்கு. அதாவது 2 ஜோடிக்கு ஒரு குஞ்சு. அது கூடப் பல இடங்களில் தேறலை.

நரி, காக்கை விஷயமும் இதில் சேரும். வட இங்கிலாந்தின் ஆட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை ஒரு சோதனை செய்தாங்க. சில பகுதிகளில் நரி, காக்கைகளைக் கட்டுப்படுத்தி, சில பகுதிகளில் விட்டுப் பார்த்தாங்க. கட்டுப்படுத்திய இடங்களில் கர்லூ, லேப்விங், கோல்டன் ப்ளவர் குஞ்சு பொரித்துத் தேறுவது சராசரியாக 3 மடங்கு. இதைக் காட்டி, க்ரௌஸ் என்ற பறவையை வேட்டையாட மேடுகளை வைத்திருப்பவர்கள் 'பாத்தீங்களா, நாங்கதான் காப்பாத்துறோம்' என்பார்கள். அவர்கள் மேட்டில் இந்தப் பறவைகள் அதிகம் என்பது உண்மை. அதே ஆட்கள் ஹெதருக்குத் தீ வைப்பது பீட் மண்ணைக் கெடுக்குது என்பதும் உண்மை. 2021-ல் இங்கிலாந்து, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் ஆழமான பீட் மேல் லைசென்ஸ் இல்லாமல் தீ வைக்கத் தடை போட்டது. என் கருத்து, நரியைச் சுட்டுக்கொண்டே இருப்பது வலிநிவாரணி. நோய், மேட்டைச் சுற்றி நட்ட தோப்புகளிலும் வறண்ட மண்ணிலும் இருக்கு. ஆனா மாத்திரையை உடனே நிறுத்தினா நோயாளி தாங்குவாரா என்பதும் நியாயமான கேள்விதான்.

கூட்டைத் தொலைத்த ஒரு தம்பி

கர்லூவுக்கு ஒல்லி அலகுடன் ஒரு உறவு இருந்தது, ஸ்லெண்டர் பில்ட் கர்லூ. குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் வரும். அது எங்கே கூடு கட்டியது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே இடம், சைபீரியாவின் தாரா நகரத்துப் பக்கம் உள்ள சதுப்பு. வாலன்டின் உஷாகோவ் என்பவர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் யாருமே கூட்டைப் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து, அருங்காட்சியகத்தில் இருந்த பழைய இறகுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அதன் உண்மையான வீடு இன்னும் தெற்கே, வடக்கு கஜகஸ்தான் புல்வெளிப் பக்கம் இருந்திருக்கலாம்னு சொன்னாங்க. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 1995-ல் மொராக்கோவில் பார்த்ததுதான் கடைசி. 2025-ல் அற்றுப்போன இனம்னு அறிவிச்சுட்டாங்க. எங்கே கூடு கட்டும்னு தெரியாத பறவைக்காக, எந்த நிலத்தைக் காப்பாற்றுவது?

நம்மூரில் குளிர்காலத்தில் கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் சேற்றைக் கிளறிக்கொண்டு நிற்கும் கர்லூக்கள் பிரிட்டனிலிருந்து வருபவை இல்லை. ஆசியாவின் வடக்குச் சதுப்புகளிலும் புல்வெளிகளிலும் கூடு கட்டிவிட்டு வருபவை. இடம் வேற, இனம் அதே. அதுக்கும் மார்ச் பிறந்தால் அதே தேடல்தான்.

அங்கே இருக்கீங்களா?

மான்செஸ்டர், ஷெஃபீல்ட், லீட்ஸ் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போயிருந்தா, பீக் டிஸ்ட்ரிக்ட்டும் பென்னைன் மேடுகளும் உங்களுக்கு வீக்எண்ட் தூரம். ஏப்ரலில் அதிகாலை போங்க. கர்லூ மேலே ஏறி, இறக்கையை விரித்து மிதந்து இறங்கும்போது, குமிழி குமிழியாக ஒரு குரல் கொடுக்கும். அது 'இந்த இடம் என்னுது'ன்னு போடும் போர்டு.

மே, ஜூனில் ஒரு கர்லூவோ லேப்விங்கோ உங்க தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தினால், குஞ்சுகள் உங்க காலடிப் பக்கத்தில் எங்கேயோ அசையாமல் படுத்திருக்குன்னு அர்த்தம். ரீல்ஸ் எடுக்க நிற்காதீங்க. நீங்க நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் குஞ்சு குளிரில் கிடக்கும், காக்கை உங்களையும் பறவையையும் சேர்த்துக் கவனிச்சுகிட்டு இருக்கும். வந்த பாதையிலேயே நடையைக் கட்டுங்க. ஆப்பில் பறவைக் குரலைப் பிளே பண்ணிக் கூப்பிடுவதும் வேண்டாம். எதிரி ஜோடி வந்துடுச்சுன்னு நினைச்சு, அடைகாப்பதை விட்டுட்டு எழுந்து வந்துடும்.

ரூம்மேட் நாயையும் கூட்டிட்டுப் போறீங்கன்னா, இங்கிலாந்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மேடுகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் நாயைப் பிடிச்சிருக்கணும். இது வேண்டுகோள் இல்லை, சட்டம்.